கைப்பேசி ஜிபிஎஸ் காருக்குப் போதுமா? வாசகர் கேள்வி – பதில்

கைப்பேசியை வைத்துக்கொண்டு வழி பார்த்து ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் சொல்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். அதில் திரை கிடையாது. கைப்பேசியே போதும் என்கிறான் மகன். கைப்பேசி ஜிபிஎஸ் தோராயமாகத்தான் காட்டும், கார்மின் மாதிரி தனிக் கருவி வாங்கிவிடு என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது? – பிடோக் வாசகர்

மகன் சொல்வதைக் கேளுங்கள். இன்று கடையில் கிடைக்கும் ஸ்மார்ட்போன்களில் துணைக்கோள் சிக்னலை நேரடியாக வாங்கும் ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. அது அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸோடு நின்றுவிடுவதில்லை. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றின் சிக்னலையும் சேர்த்தே வாங்குகிறது. இடத்தைக் கணக்கிட 4 துணைக்கோள் தெரிந்தால் போதும். சிங்கப்பூரில் திறந்த வெளியில் நின்றால் இந்த நான்கு அமைப்புகளும் சேர்ந்து 30க்கு மேல் தெரியும்.

திறந்த வானத்தின் கீழ் ஸ்மார்ட்போன் சுமார் 4.9 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும் என்பது அமெரிக்க அரசே தரும் கணக்கு. 5 மீட்டர் பிழையோடு எப்படிச் சரியான திருப்பத்தைச் சொல்கிறது என்று கேட்கலாம். ஆப் அந்தப் புள்ளியை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. வண்டி சாலையில்தான் இருக்கும், சாலைக்கு வெளியே புல்வெளியில் ஓடாது என்ற அனுமானத்தில், பக்கத்தில் இருக்கும் சாலைக் கோட்டோடு புள்ளியை ஒட்டிவிடுகிறது. நீங்கள் போகும் திசை, வேகம், முன்பு வந்த வழி எல்லாவற்றையும் பார்த்துத்தான் எந்தச் சாலை என்று முடிவு செய்கிறது. இரண்டு சாலைகள் 20, 30 மீட்டர் தள்ளியிருந்தால் 5 மீட்டர் பிழை ஒரு பொருட்டே இல்லை.

ஒன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடத்தின் அகலம் சுமார் 3.5 மீட்டர்தான். அதனால் நீங்கள் எந்தத் தடத்தில் இருக்கிறீர்கள் என்பது கைப்பேசிக்குத் தெரியாது. “இடப்பக்க இரண்டு தடங்களில் செல்லவும்” என்று அது சொல்வது வரைபடத்தில் இருக்கும் தகவல். நீங்கள் ஏற்கெனவே அந்தத் தடத்தில்தான் இருக்கிறீர்களா என்று அது பார்த்துச் சொல்வதில்லை.

நண்பரின் எண்ணத்துக்கும் காரணம் உண்டு. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிவந்தது. 2000 மே மாதம்தான் அதை நிறுத்தினார்கள். ஆரம்பகாலக் கைப்பேசிகளில் பல, கைப்பேசிச் சேவைக் கோபுரங்களை வைத்து ஊகித்துத்தான் இடம் காட்டின. அந்தக் காலத்துப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

தனிக் கருவிக்கு உண்மையிலேயே ஓர் அனுகூலம் இருக்கிறது, அது ஆண்டெனா. துணைக்கோளிலிருந்து வரும் அலை வலஞ்சுழியாகச் சுழன்றபடி வருகிறது. கட்டடத்தில் பட்டுத் திரும்பினால் பெரும்பாலும் இடஞ்சுழியாக மாறிவிடும். தனிக் கருவியில் இருக்கும் செராமிக் ஆண்டெனா வலஞ்சுழி அலையை நன்றாக வாங்கும், திரும்பி வந்த அலையை ஓரளவு தள்ளிவிடும். கைப்பேசியில் இடம் போதாததால் வைத்திருக்கும் சின்ன ஆண்டெனா இரண்டையும் பேதமில்லாமல் வாங்கிக்கொள்கிறது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே இந்த வேறுபாடு தெரியும், பிடோக்கிலோ பிஐஇ விரைவுச்சாலையிலோ தெரியாது. மாதம் பலமுறை மலேசியாவின் உட்பகுதிகளுக்கும் தாய்லாந்துக்கும் ஓட்டுபவர் தனிக் கருவி வாங்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல ஹோல்டருக்கும் நல்ல சார்ஜருக்கும் செலவிடுவது மேல்.

கார் எடுக்கும் முன் இரண்டு அமைப்புகளைப் பாருங்கள். கைப்பேசி தோராயமாகக் காட்டுகிறது என்று வரும் புகார்களில் நிறைய இங்கேயே தீர்ந்துவிடும். முதலாவது, துல்லிய இருப்பிடம். ஐஃபோனில் அமைப்புகளுக்குள் தனியுரிமை, அதற்குள் இருப்பிடச் சேவைகள், அதற்குள் நீங்கள் பயன்படுத்தும் வரைபட ஆப் என்று போனால் துல்லிய இருப்பிடத்துக்கான பொத்தான் இருக்கும். ஆண்ட்ராய்டு 12 முதல் அதே பொத்தான் ஆப்பின் இருப்பிட அனுமதிப் பக்கத்தில் இருக்கிறது. ஆப் முதன்முறை கேட்கும்போது அவசரத்தில் “தோராயம்” என்பதைத் தொட்டுவிட்டால், ஜிபிஎஸ் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் ஆப்புக்குக் கிடைப்பது பேட்டை அளவுக்குப் பெரிய ஒரு வட்டம்தான். இரண்டாவது, பேட்டரி சேமிப்பு முறை. ஆண்ட்ராய்டில் அது இருப்பிடச் சேவையைக் கட்டுப்படுத்தக்கூடும். ஓட்டும்போது அணைத்துவிடுங்கள்.

வைஃபை மட்டும் உள்ள டேப்லட் வீட்டில் சும்மா கிடக்கிறது. திரை பெரிது. காரில் அதை வைக்கலாமா? – தோ பாயோ வாசகர்

முதலில் அதில் ஜிபிஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் கிடையாது. சிம் போடும் ஐபேடில் உண்டு. மற்ற டேப்லட்டுகள் மாடலுக்கு மாடல் மாறும். ரிசீவர் இல்லாத கருவி சுற்றியுள்ள வைஃபையை வைத்து ஊகிக்கும். வீட்டில் சரியாகக் காட்டுவதுபோல் இருக்கும், விரைவுச்சாலை ஏறியதும் கைவிட்டுவிடும்.

ஜோகூர் போகும்போது ரோமிங் போடுவதில்லை. டேட்டா இல்லாமல் ஜிபிஎஸ் வேலை செய்யுமா? – உட்லண்ட்ஸ் வாசகி

செய்யும். ஜிபிஎஸ் கேட்டு வாங்கும் வேலைதான், எதையும் அனுப்புவதில்லை, டேட்டாவில் ஒரு துளியும் செலவாகாது. டேட்டா வேண்டியிருப்பது வரைபடத்துக்கும், நெரிசல் தகவலுக்கும், இடத்தின் பெயரைத் தேடுவதற்கும்.

கூகல் மேப்ஸில் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் ஆஃப்லைன் வரைபடங்கள் என்ற வரி வரும். அதில் சொந்த வரைபடத்தைத் தேர்வு செய்யும் வசதியைத் திறந்து, நீலச் சட்டத்துக்குள் சிங்கப்பூரையும் ஜோகூரையும் கொண்டுவந்து பதிவிறக்குங்கள். கோலாலம்பூர்வரை போவதாக இருந்தால் சட்டத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள், அடங்காவிட்டால் இரண்டு துண்டாக எடுங்கள். வீட்டு வைஃபையிலேயே செய்துவிடுவது நல்லது. ஒவ்வொரு வரைபடத்துக்கும் காலாவதித் தேதி உண்டு, அதே பட்டியலில் தெரியும். ஆப்பிள் மேப்ஸில் இந்த வசதி 2023இல் ஐஓஎஸ் 17உடன் வந்தது. வேஸ் ஆப்பில் இப்படி இறக்கி வைக்க முடியாது. கிளம்பும்போது டேட்டா இருந்தால் போட்ட வழியைக் காட்டிக்கொண்டே வரும், நடுவில் வழி தவறினால்தான் சிக்கல்.

டேட்டா இல்லாமல் போனால் இழப்பவையும் உண்டு. நெரிசல் தெரியாது, மாற்று வழி வராது, நடைபாதை வழியும் கிடைக்காது. கார் வழி மட்டும்தான். கடற்பாலத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் தெரியாது என்பதால், எல்லையைக் கடப்பது உட்லண்ட்ஸ் வழியா துவாஸ் வழியா என்ற முடிவை டேட்டா இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். கைப்பேசியை அணைத்து வைத்திருந்து, அக்கரையில் போய்த்தான் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் இடம் காட்ட அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். ஒவ்வொரு துணைக்கோளும் தன் பாதை விவரத்தை விநாடிக்கு 50 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில் அனுப்புகிறது, அது முழுதாக வந்துசேர 30 விநாடி பிடிக்கும். டேட்டா இருந்தால் அதே விவரத்தைக் கைப்பேசி இணையத்திலிருந்து நொடியில் எடுத்துவிடும். எனவே வீட்டு வாசலிலேயே வழியைப் போட்டு, அம்பு சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு கிளம்புங்கள்.

கேபிஇ விரைவுச்சாலையின் சுரங்கத்துக்குள் போனால் அம்பு சில நேரம் நின்றுவிடுகிறது, சில நேரம் என்னை முந்திக்கொண்டு ஓடுகிறது. ஈசிபி விரைவுச்சாலைக்குப் பிரிய வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். புது ஃபோன் வாங்கினால் சரியாகுமா? – பொங்கோல் வாசகி

வாங்க வேண்டாம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் சுரங்கத்துக்குள் வானம் தெரியாது. துணைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் சிக்னல் தரைக்கு வரும்போதே நூலளவாகத் தேய்ந்துவிடுகிறது. கான்கிரீட் கூரையையும் மண்ணையும் தாண்டி அது உள்ளே வருவதற்கு வழியே இல்லை. கேபிஇ 12 கிலோமீட்டர், அதில் 9 கிலோமீட்டர் நிலத்தடி. 80 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் ஏறத்தாழ 7 நிமிடம் நீங்கள் ஜிபிஎஸ் இல்லாமல்தான் ஓட்டுகிறீர்கள். தொடர்ந்து எம்சிஇ விரைவுச்சாலையில் போனால் இன்னும் 3.6 கிலோமீட்டர் சுரங்கம், அதில் 420 மீட்டர் கடலுக்கு அடியில்.

உள்ளே நடப்பது இதுதான். கடைசியாகத் தெரிந்த வேகத்திலேயே நீங்கள் போய்க்கொண்டிருப்பதாக எண்ணி ஆப் அம்பை நகர்த்துகிறது. 80 கிலோமீட்டரில் நுழைந்தீர்கள், உள்ளே நெரிசல், வேகம் 20க்கு இறங்கிவிட்டது. ஆப் அம்பை 80லேயே ஓட்டுகிறது. ஒரே நிமிடத்தில் அம்பு உங்களைவிட 1 கிலோமீட்டர் முன்னால் போய் நிற்கும். “இப்போது இடப்பக்கம் வெளியேறவும்” என்ற குரல் நீங்கள் அந்த வழியைப் பார்ப்பதற்கு வெகு முன்பே வந்து போயிருக்கும். அம்பு அசையாமல் நிற்பது இதற்கு நேர் எதிர். கோபுரத்தை வைத்து இடம் பார்த்தால் பல நூறு மீட்டர் தவறும் என்பதால், அதை நம்பாமல் சில ஆப்கள் அம்பை நிறுத்தி வைத்துவிடும்.

சுரங்கத்துக்கு முன்பே செய்ய வேண்டியது உண்டு. வீட்டிலேயே வழியைப் போட்டபின், திரையின் மேல்பட்டையைத் தொட்டுத் திருப்பங்களின் பட்டியலைத் திறந்து, சுரங்கத்துக்குள் வரும் பிரிவின் பெயரைப் படித்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேபிஇயில் தெற்கே வரும்போது ஈசிபிக்குப் பிரிவதா, எம்சிஇயில் தொடர்வதா என்ற ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது. உள்ளே நுழைந்ததும் குரலை மறந்துவிட்டுத் தலைக்கு மேல் தொங்கும் பலகைகளை மட்டும் பாருங்கள். பிரிவைத் தவறவிட்டால் அடுத்த வெளிவழிவரை போய்விடுங்கள். கடைசி நொடியில் தடம் வெட்டுவதும், வெள்ளைக் கோடுகள் போட்ட முக்கோணத்தில் நிறுத்தி யோசிப்பதும் உயிருக்கு ஆபத்து. மேலே ஏறிச் சில விநாடியில் சிக்னல் திரும்பும், ஆப் புது வழி போடும்.

புளூடூத்தையும் திறந்து வையுங்கள். சுரங்கச் சுவரில் பொருத்தும் பீக்கன் என்ற சிறு புளூடூத் கருவிகளின் சிக்னலை வைத்து இடம் காட்டும் வசதி வேஸில் உண்டு. ஆண்ட்ராய்டு கூகல் மேப்ஸிலும் வழிகாட்டல் அமைப்புகளுக்குள் அதற்கான பொத்தான் இருக்கிறது, தானாகத் திறந்திருக்காது, நீங்கள்தான் திறக்க வேண்டும். பீக்கன் உள்ள சுரங்கத்தில் அம்பு உங்களோடு வரும்.

காரோடு வரும் வழிகாட்டி கைப்பேசியை நிச்சயமாக வெல்லும் ஒரே இடமும் சுரங்கம்தான். சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பது காருக்குத் தெரியும். ஐஃபோனைக் காரின் திரையோடு இணைக்கும் கார்ப்ளே வழியாகக் கைப்பேசியை இணைக்கும்போது சில கார்கள் தங்கள் வேகத்தையும் ஜிபிஎஸ்ஸையும் கைப்பேசிக்குக் கொடுக்கின்றன. உங்கள் கார் அப்படியா என்று விற்பனையாளரைக் கேளுங்கள்.

ஷென்டன் வேயில் அம்பு பக்கத்துத் தெருவுக்குத் தாவுகிறது. வெஸ்ட் கோஸ்ட் நெடுஞ்சாலையில் மேம்பாலத்தின் மேல் போனால் கீழே போகிறேன் என்கிறது. ஏன்? – கிளமெண்டி வாசகர்

இரண்டும் வெவ்வேறு கோளாறு.

ஷென்டன் வே, ராபின்சன் சாலைப் பக்கம் துணைக்கோள் பல நேரம் நேராகத் தெரியாது. அதன் சிக்னல் எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் பட்டுத் திரும்பி உங்களிடம் வருகிறது. ஜிபிஎஸ் தூரத்தை அளப்பது சிக்னல் வந்துசேர்ந்த நேரத்தை வைத்து. சுற்றிவந்த சிக்னல் 30 மீட்டர் கூடுதலாகப் பயணித்தால் தூரமும் 30 மீட்டர் கூடுதலாகக் கணக்காகும், அம்பு அடுத்த தெருவில் போய் நிற்கும். இதற்குப் புது ஃபோன் ஓரளவு உதவும். எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையையும் வாங்கும் ஃபோன்கள் 2018இல் ஷாவ்மி மி 8இலிருந்து வரத் தொடங்கின, ஐஃபோனில் 2022இல் 14 புரோவோடு வந்தது. எல்5 சிக்னலில் வரும் குறியீடு, எல்1 என்ற பழைய அலைவரிசையில் வருவதைவிட 10 மடங்கு நெருக்கமானது. நேராக வந்த சிக்னலையும் சுற்றிவந்ததையும் அதனால் பிரித்தறிய முடிகிறது. நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகே மேல்வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கு சிக்னலை அதிகம் தாமதப்படுத்தும், பிற்பகலில் மிக அதிகமாக. இரண்டு அலைவரிசையும் இருந்தால் அந்தத் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். விவரக்குறிப்பில் “இரட்டை அலைவரிசை” அல்லது “எல்1 எல்5” என்று இருக்கிறதா பாருங்கள். இதற்காக மட்டும் ஃபோனை மாற்றச் சொல்லமாட்டோம், மாற்றப் போகிறீர்கள் என்றால் பார்த்து வாங்குங்கள்.

மேம்பாலத்துக்கு எல்5உம் உதவாது. தெலுக் பிளாங்கா சாலைக்கு மேலே வெஸ்ட் கோஸ்ட் நெடுஞ்சாலை, கெப்பல் சாலைக்கு மேலே கெப்பல் மேம்பாலம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் இடங்களில் இரண்டு சாலைக்கும் வரைபடத்தில் ஒரே இடம்தான். உயரத்தை வைத்துப் பிரிக்கலாமே என்றால், ஜிபிஎஸ்ஸில் உயரக் கணக்கின் பிழை பக்கவாட்டுப் பிழையைவிட எப்போதும் பெரிது. மேலும் கீழும் இருக்கும் வித்தியாசமோ சில மீட்டர்தான். மேலே ஏறும் இடத்தில் அம்பு சரியாக ஏறுகிறதா என்று பாருங்கள். தவறாகப் பிடித்துவிட்டால் இரண்டு சாலையும் பிரியும்வரை அது சொல்லும் திருப்பங்களைக் கண்டுகொள்ளாதீர்கள்.

நிறுத்தியிருக்கும்போது அம்பு பம்பரமாகச் சுற்றுகிறது. ஹோல்டரின் காந்தம் ஜிபிஎஸ்ஸைக் கெடுக்கிறதா? – அங் மோ கியோ வாசகர்

காந்தம் ஜிபிஎஸ்ஸை எதுவும் செய்யாது. திசைகாட்டி உணரியைத்தான் குழப்பும். வண்டி நிற்கும்போது ஆப் திசையை அந்த உணரியிடம் கேட்கிறது, ஓடத் தொடங்கியதும் ஜிபிஎஸ்ஸே திசையைச் சொல்லிவிடும். கார் நிறுத்துமிடத்திலிருந்து இடமா வலமா என்ற முதல் திருப்பத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள்.

சார்ஜரில் போட்டிருந்தும் பேட்டரி இறங்குகிறது. மதியத்தில் திரை மங்கி, சூடு என்று எச்சரிக்கை வருகிறது. – தெம்பினிஸ் வாசகர்

சார்ஜரும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை இது. பழைய கார்களில் இருக்கும் யுஎஸ்பி துளை பெரும்பாலும் பாட்டுக் கேட்பதற்காக வைத்தது. 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட்தான் தரும். முழு வெளிச்சத்தில் திரை, ஜிபிஎஸ், டேட்டா மூன்றும் ஓடினால் அதைவிடக் கூடுதலாகவே செலவாகும். 12 வோல்ட் துளையில் செருகும் 20 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட யுஎஸ்பி-சி சார்ஜர் வாங்குங்கள். கேபிளையும் மாற்றுங்கள். கம்பியில்லா சார்ஜர் ஹோல்டர் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதுவே சூட்டைக் கூட்டும். நம் ஊர் மதியத்துக்கு அதைப் பரிந்துரைக்கமாட்டோம்.

சுற்றுப்புறம் 35 டிகிரியைத் தாண்டாத இடத்தில்தான் ஐஃபோனைப் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதை எளிதில் தாண்டும். சூடு ஏறினால் கைப்பேசி முதலில் சார்ஜை நிறுத்தும், பிறகு திரையை மங்கச் செய்யும், கடைசியில் தானே அணைந்துவிடும். விண்ட்ஸ்கிரீனில் ஒட்டும் ஹோல்டரைவிட ஏர்கான் துவாரத்தில் மாட்டும் ஹோல்டர் இங்கே நல்லது. குளிர்காற்று நேராகக் கைப்பேசியின் முதுகில் படும். தடித்த உறையைக் கழற்றிவிடுங்கள், வரைபடத்தை இருள் நிறத்துக்கு மாற்றுங்கள். காரை நிறுத்திப் போகும்போது கைப்பேசியை உள்ளே விட்டுச் செல்லாதீர்கள்.

வெயில் என்றதும் கார்க் கண்ணாடியில் ஒட்டும் சோலார் ஃபிலிம் பற்றியும் சொல்லவேண்டும். உலோகப் பூச்சு உள்ள ஃபிலிம் ஜிபிஎஸ் சிக்னலையும் தடுக்கும், செராமிக் வகை தடுக்காது. சந்தேகம் இருந்தால் ஆண்ட்ராய்டில் ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவச ஆப்பைப் போட்டு, வெளியில் நின்று ஒருமுறையும் அதே இடத்தில் காருக்குள் ஹோல்டரில் வைத்து ஒருமுறையும் பாருங்கள். ஒவ்வொரு துணைக்கோளின் சிக்னல் வலிமையும் டிபி-ஹெர்ட்ஸ் என்ற அலகில் தெரியும். வெளியில் 35, 40 என்று இருந்தவை உள்ளே 25க்குக் கீழே விழுந்தால் ஃபிலிம் காரணமாக இருக்கலாம். அடுத்தமுறை ஃபிலிம் மாற்றும்போது செராமிக் கேளுங்கள். முன்கண்ணாடியும் முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளும் 70 விழுக்காட்டு ஒளியை உள்ளே விடவேண்டும் என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி. பின்பக்கக் கதவுக் கண்ணாடிகளுக்கு 25 விழுக்காடு.

ஹோல்டரில் இருக்கும் கைப்பேசியைத் தொட்டால் குற்றமா? – ஜூரோங் வெஸ்ட் வாசகி

ஓடும் வண்டியில் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு பயன்படுத்துவதுதான் குற்றம். 2015 பிப்ரவரியிலிருந்து இது பேசுவதோடு நிற்காமல் செய்தி அனுப்புவது, இணையம் பார்ப்பது ஆகியவற்றுக்கும் பொருந்தும். முதல்முறை 1,000 வெள்ளிவரை அபராதம், 6 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை இரு மடங்கு. ஹோல்டரில் பொருத்திய கைப்பேசிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அதற்காக ஓட்டிக்கொண்டே முகவரி தட்டச்சு செய்யாதீர்கள். கவனக்குறைவாக ஓட்டியதாக வேறு பிரிவில் வழக்கு வரலாம். 90 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 25 மீட்டர் போகிறீர்கள். நான்கு விநாடி திரையைப் பார்த்தால் 100 மீட்டர் சாலையைப் பார்க்காமலே கடந்துவிட்டீர்கள். வழி மாற்ற வேண்டுமென்றால் குரலில் சொல்லுங்கள், அல்லது ஏதாவது கார் நிறுத்துமிடத்தில் ஒதுங்குங்கள்.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் புளோக்கின் பின்பக்கம் கொண்டுபோய் விடுகிறது. கார் நிறுத்தும் வழி வேறு சாலையில் இருக்கிறது. – ஹவ்காங் வாசகி

இது ஜிபிஎஸ்ஸின் பிழை இல்லை, நாம் கொடுக்கும் முகவரியின் பிழை. நம் ஊரில் 6 இலக்க அஞ்சல் குறியீடு பொதுவாகக் கட்டடத்துக்கு ஒன்று. 210665 என்று தட்டினால் நேராக தேக்கா நிலையத்தைக் காட்டிவிடும். பெயரைத் தட்டித் தேடுவதைவிட இது பத்திரம். ஆனால் அது காட்டுவது கட்டடத்தை, அதற்குள் கார் நுழையும் வாசலை இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) பேட்டைகளில் பலமாடிக் கார் நிறுத்துமிடத்துக்குப் பெரும்பாலும் ஏ, பி என்ற எழுத்தோடு தனி புளோக் எண்ணும் தனி அஞ்சல் குறியீடும் இருக்கும். சொந்தக்காரரிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, அவர் பெயரிலேயே ஆப்பில் சேமித்துவிடுங்கள். இல்லையென்றால் வரைபடத்தைப் பெரிதாக்கி, கார் நுழையும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் முள் விழும். அதற்கு வழி போடுங்கள்.

லிட்டில் இந்தியாவில் இது இன்னும் அவசியம். சிராங்கூன் சாலை அங்கே ஒருவழி. வாசலைத் தவறவிட்டால் ஒரு பெரிய சுற்று சுற்றித்தான் மறுபடி வர முடியும், தீபாவளி நேரத்தில் அந்தச் சுற்று எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

லாரி ஓட்டுகிறேன். கூகல் மேப்ஸை நம்பிப் போகலாமா? – துவாஸ் வாசகர்

வழி தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள், அது சொல்லும் வழியையே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆப் உங்களை ஒரு காராகத்தான் நினைக்கிறது. சரக்கோடு சேர்ந்த உயரம் 4.5 மீட்டரைத் தாண்டினால் சுரங்கத்துக்குள் போகக் கூடாது, ஆபத்தான பொருள் ஏற்றியிருந்தாலும் கூடாது. இது எதுவும் ஆப்புக்குத் தெரியாது, நேராக கேபிஇக்குள் போகச் சொல்லும். கிளம்பும் முன் சரக்கின் உச்சியை அளந்துகொண்டு, தரைமேல் வழி எது என்று மேற்பார்வையாளரிடம் கேட்டு, நடுவில் ஓரிரு நிறுத்தங்களைச் சேர்த்து ஆப்பை அந்த வழிக்குக் கட்டாயப்படுத்துங்கள்.

அது காட்டும் நேரமும் காருக்கானது. விரைவுச்சாலையில் 30 கிலோமீட்டரைக் கார் 90இல் 20 நிமிடத்தில் கடக்கும். கனரக லாரிக்கு வரம்பு 60, எனவே 30 நிமிடம். முதலாளி அந்தத் திரையைப் பார்த்து ஏன் தாமதம் என்று கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

புதிய மின்னியல் சாலைக் கட்டணக் கருவியும் துணைக்கோளோடு வேலை செய்கிறதாமே. அதுவே வழி சொல்லுமா? – செங்காங் வாசகர்

சொல்லாது. 2023 நவம்பரிலிருந்து பொருத்திவரும் அந்தக் கருவி துணைக்கோள் மூலம் இடமறிந்து கட்டணம், பள்ளி வட்டாரம் போன்ற தகவல்களைத் தரும். திருப்பத்துக்குத் திருப்பம் வழி காட்டுவதற்கு உங்களுக்குக் கைப்பேசி வேண்டும்.

மோட்டார்சைக்கிளில் உணவு விநியோகம் செய்கிறேன். ஹேண்டில்பாரில் மாட்டியதிலிருந்து ஐஃபோன் கேமரா மங்கலாகிவிட்டது. மழையில் திரையும் தானாக மாறுகிறது. – ஈசூன் வாசகர்

கேமராவுக்குள் ஆட்டத்தைச் சமன்செய்யும் நுண்ணிய பாகம் ஒன்று இருக்கிறது. சக்திவாய்ந்த மோட்டார்சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறி அதைக் கெடுக்கும் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்தது. கெட்டபின் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அதிர்வைத் தாங்கும் ரப்பர் பாகம் வைத்த ஹோல்டர் வாங்குங்கள். பழைய ஃபோன் ஒன்று வீட்டில் இருந்தால் வழி பார்க்க மட்டும் அதை மாட்டுவது இன்னும் நல்லது. பழைய ஃபோனானாலும் ஜிபிஎஸ் போதிய அளவுக்கு நன்றாகவே இருக்கும். சிம் இல்லாவிட்டால் உங்கள் முக்கிய ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துக்கொள்ளலாம்.

மழைத்துளியைத் திரை விரல் என்று நினைத்துக்கொள்கிறது. கிளம்பும் முன் வழியைப் போட்டுவிட்டு, ஹெல்மெட் புளூடூத்தில் குரலைக் கேட்டு ஓட்டுங்கள், திரையைத் தொடும் வேலையே இருக்காது. மழை உறை போட்டால் முகப்பு ஒட்டிக்கொள்ளாத அளவுக்கு இடைவெளி விட்டுப் போடுங்கள். சார்ஜ் துளை நனைந்தால் ஐஃபோன் ஈரம் என்று சொல்லி சார்ஜை நிறுத்திவிடும். அப்போது கேபிளை மறுபடி மறுபடி செருகிப் பார்க்காதீர்கள், முனைகள் அரித்துவிடும். துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் லேசாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் அரைமணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு செருகுங்கள்.